இல்லாதவளின் வேற்றுமை

யியோ ந்யெத். ரஷ்ய விடுதியின் காவல்கார அம்மாள் சொன்னதில் முதலில் வந்தது அதுதான், தெளிவாகக் கேட்டதும் அது ஒன்றுதான். பிறகு மூன்று சொற்கள், நோச்யு, ஸ்கோரயா, உவிஸ்லா. பிறகு அல்லோ, அல்லோ என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது, ஒரு நிமிஷம்கூட இருக்காது, ஒன்பது பத்துக்கு, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். இப்போது மணி பத்தே கால். தமயந்தி டீச்சர் ஏழாம் அறையில் இருபது பிள்ளைகளின் விடைத்தாள் முகப்பிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. தமிழ் நடத்துகிறவளுக்கு இந்த மாதிரிப் பாடத்தன்றுதான் கண்காணிப்பு வேலை போடுவார்கள். ஒன்றே காலுக்கு மணி அடிக்கிற வரைக்கும் அறையை விட்டு நகர முடியாது. போன், மற்ற டீச்சர்மாரின் போன்களோடு, தலைமைக் கண்காணிப்பாளர் அறையில் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் அணைந்து கிடக்கிறது. ஐந்தாவது பிள்ளையின் தாளில் த, ம, ய என்று போட்டுவிட்டுப் பேனா நின்றது. அடுத்த எழுத்து என்ன என்று கைக்குத் தெரியவில்லை. இருபத்து நான்கு வருஷமாகப் போடுகிற கையெழுத்து. அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள், டீச்சருக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று பயந்து, தன் பதிவெண்ணை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள். ந்தி. எழுதியாகிவிட்டது. அடுத்த மேஜை.

பொன்னி இல்லை. அதாவது விடுதியில் இல்லை. வோல்கா ஆற்றங்கரையில் ஏதோ ஓர் ஊரில், மருத்துவம் மூன்றாம் வருஷம் படிக்கிற மகள், காலை ஏழு நாற்பதுக்கு விடுதியில் இல்லையென்றால் கல்லூரிக்குக் கிளம்பியிருப்பாள், வேறென்ன. இங்கே ஒன்பது பத்து என்றால் அங்கே ஏழு நாற்பது. ஆனால் நோச்யு என்றாளே. நோச் என்றால் இரவு, நோச்யு இரவில். இரவில் எவள் கல்லூரிக்குப் போகிறாள். வேண்டாம், அந்தச் சொல்லை அப்படியே வைத்துவிட்டு முதலிலிருந்து வருவோம். ந்யெத், இல்லை. தமிழில் இருக்கிற மாதிரியேதான் டீச்சர், ஒரே சொல்லுதான், கேட்டதுக்கு மறுப்புன்னாலும் ந்யெத், ஒரு பொருள் இல்லைன்னாலும் ந்யெத், உங்களுக்கு லேசா வந்துரும் என்று ரஷ்ய மொழி சொல்லிக்கொடுக்கிற அமலி சொன்னாள். லேசாகத்தான் வந்தது. அன்றைக்கு வகுப்பில் இவள்தான் முதலில் எழுதிக் காட்டினாள், புத்தகம் இல்லை, பால் இல்லை, நேரம் இல்லை. இப்போது அந்த லேசுதான் பயமுறுத்துகிறது, ஏனென்றால் இல்லை என்ற சொல் எத்தனை தூரம் போகும் என்று இவளுக்குத் தெரியும். அப்பா தவறிப்போன பதினோராம் நாள் வீட்டு டெலிபோன் அடித்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் யாரோ. அப்பா இருக்காங்களாம்மா என்றார். அப்பா இல்லைங்க என்றாள். எப்ப வருவாங்க என்று கேட்டார் அந்த மனுஷன். வந்ததும் சொல்லுதேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆமாம், அப்படித்தான் சொன்னாள், வந்ததும் சொல்லுதேன் என்று. அந்த ஏஜென்ட் எத்தனை நாள் காத்திருந்தாரோ. அங்கே விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கிற அம்மாள் அவள் இல்லை என்று சொன்னதும் அப்படிப்பட்ட இல்லையா, வெறும் இல்லையா? அவள் குரல் எப்படி இருந்தது? குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் அந்த அம்மாளுக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும், காவலுக்கு உட்காருகிறவர்களுக்கு எல்லா ஊரிலும் அந்தக் குரல்தான்.

தமிழில் ஆள் இல்லாமல் போனாலும் பெயருக்கு ஒன்றும் ஆகாது. பொன்னி இருக்கிறாள், பொன்னி இல்லை, இரண்டிலும் பொன்னி பொன்னியேதான், எழுவாயாக, முழுசாக. அங்கே அப்படி இல்லை. இல்லை என்று சொன்னவுடன் அந்தப் பெயர் உருமாறிவிடும், எழுவாய் இடத்திலிருந்து இறங்கி நம்முடைய ஆறாம் வேற்றுமை மாதிரி ஒன்றுக்குப் போய்விடும். க்னீகா என்றால் புத்தகம், புத்தகம் இல்லையென்றால் க்னீகி ந்யெத். அனா என்றால் அவள். அவள் இல்லையென்றால் அனா அங்கே நிற்க முடியாது, யியோ. இல்லாததுக்கு முழு உருவம் கிடையாது டீச்சர் என்று அமலி சிரித்துக்கொண்டே சொன்னபோது இவளும் சிரித்தாள், நன்னூலுக்கு இந்த யோசனை வரலியே என்று. வள்ளியூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை மாடி, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி, அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகப்போகிற எட்டு இளைஞர்கள், நடுவில் நாற்பத்தொன்பது வயசில் இவள். அமலிக்கு இருபத்தேழு வயசு, ரஷ்யக்காரர்களுக்கு மூன்று வருஷம் மொழிபெயர்த்தவள். நீங்க எதுக்கு டீச்சர் இதைப் படிக்கீங்க என்று முதல் நாள் கேட்டாள். சும்மா ஒரு ஆசைதான் என்றாள் தமயந்தி. ஆசை இல்லை. போன வருஷம் பொன்னி நிமோனியாவில் கிடந்தபோது ஒரு நர்ஸ் போனை எடுத்து என்னென்னவோ பேசினாள், இவள் இந்தப் பக்கம் யெஸ், யெஸ் என்று சொல்லிக்கொண்டு நின்றாள், என்னத்துக்கு யெஸ் சொன்னோம் என்று தெரியாமலே. அன்று ராத்திரி முழுக்க, ஏதாவது ஒன்றுக்குச் சம்மதம் சொல்லிவிட்டோமோ என்று படுத்திருந்தாள். இனி அப்படி நிற்கக் கூடாது என்றுதான் ஒன்பது மாதமாக அந்த மாடிப்படி ஏறுகிறாள். ஏறி என்ன, இன்றைக்கும் அப்படியே நின்றாள். அந்த அம்மாள் அல்லோ அல்லோ என்று கேட்டபோது இவளுக்கு ஒரு எழுத்து வரவில்லை. முன்பு ஒன்றுமே புரியாமல் நின்றாள், இப்போது பாதி புரிந்து நிற்கிறாள். முன்பிருந்ததே தேவலை.

“மிஸ், கிராஃப் ஷீட்.”

எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பதினொன்றேகால். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிடுக்கென்றது. உவிஸ்லா. இதைப் பிரிக்க வேண்டும். பகுபத உறுப்பிலக்கணம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவள்தானே. முன்னால் உ, அது விலகிப் போவதைக் காட்டும். நடுவில் விஸ், வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவது. நடத்திக் கூட்டிப்போவதற்கு வேறு சொல், வண்டியில் என்றால் இது, அந்த ஜாதிக்காரர்களுக்கு நடப்பதும் வண்டியும் ஒன்றில்லை. கடைசியில் லா. நடந்து முடிந்தது, செய்தவள் பெண். ஒருத்தி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். யார்? அதற்குத்தான் ஸ்கோரயா. ஸ்கோர என்றால் சீக்கிரம். அதோடு அயா சேர்ந்தால் பெண்பாலுக்கு முன்னால் வருகிற உரிச்சொல். சீக்கிரமான, வேகமான. வேகமான எது? பெயர்ச்சொல்லைச் சொல்லவே இல்லை அந்த அம்மாள், விழுங்கிவிட்டாள், நாம் நல்லவள் கெட்டவள் என்று சொல்வது மாதிரி வேகமானவள் என்று மட்டும் சொல்லிவிட்டாள். அவள் இல்லை. இரவில் வேகமானவள் கொண்டுபோய்விட்டாள். தமயந்தி கடைசி வரிசையில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு உள்ளங்கையில் ஒட்டியது.

பெண்பாலில் வேகமாக வருவது எது. அமலி ஒரு பட்டியல் கொடுத்திருந்தாள். மென்மைக் குறிங்கிற எழுத்துல முடியுற சொல்லுன்னா ஆண்பாலா பெண்பாலான்னு பார்த்தவுடனே தெரியாது, மனப்பாடம்தான் பண்ணணும் என்று சொல்லி, பெண்பாலில் முதல் எட்டைப் பலகையில் எழுதினாள். நோச், இரவு. தோச், மகள். மாத், தாய். ஜீஸ்ன், வாழ்வு. போல், வலி. க்ரோஃப், ரத்தம். போமஷ், உதவி. ஸ்மேர்த், சாவு. இவள் அதை வீட்டில் அரிசி களையும்போது சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணினாள், ஒரு ஓசைக்காக நோச் தோச் என்று சேர்த்து. என்ன பட்டியல் அது, யார் இப்படி ஒரு பட்டியலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், பகல் ஆண்பாலாம், விருந்தாளி ஆண்பாலாம், மழை ஆண்பாலாம், இது எல்லாம் பெண்பாலாம். இந்த எட்டில் வேகமாக வந்து ஒரு பிள்ளையைக் கொண்டுபோகக் கூடியவள் யார்? இரவு கொண்டுபோகாது. வலி கொண்டுபோகாது, வலி கிடத்தி வைக்கும். உதவி வரலாம். உதவி வேகமாக வரலாம். ஆனால் மற்றவள் அதைவிட வேகம். அந்த இருவரில் ஒருத்தி. உரிச்சொல் பாலைச் சொல்லிவிட்டது, ஆளைச் சொல்லவில்லை. வண்டியில் என்று சொல்லியிருக்கிறாளே, சாவு வண்டியிலா வரும் என்று ஒரு கணம் மூச்சு விட்டாள். அடுத்த கணம், அதற்கென்று ஒரு வண்டி இல்லாத ஊர் உண்டா என்று தோன்றியது. கண்ணாடி வைத்த வண்டி, மாலை போட்டு, முன்னால் பூவை இறைத்துக்கொண்டு. அங்கே பூ இறைப்பார்களா? பனியில் எப்படித் தோண்டுவார்கள்? சீ. சீ. “ந்யெத்” என்றாள், வாய்விட்டு.

பக்கத்து மேஜைப் பிள்ளை தலை தூக்கினாள். “என்ன மிஸ்?”

“ஒண்ணுமில்ல. நீ எழுதும்மா.”

வயிறு வலிக்கும்மா என்று நேற்றுச் சாயங்காலம் பொன்னி போனில் சொன்னாள். அதைத்தான் இவள் இந்த இரண்டு மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வந்தும் தொடாமல் இருந்தாள். வயிறு வலிக்கும்மா, காலையிலிருந்தே. என்னத்தைத் தின்ன? ஒண்ணும் திங்கல. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு, எல்லாம் சரியாப் போவும், அம்மா வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருக்கேன் என்று சொன்னாள் இவள். பொன்னி சிரித்தாள், நீ எழுதுத ரஷ்யனுக்கு எனக்கு வயிறு வலிக்கணும் என்று. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சரிம்மா வைக்கேன் என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளா? மடங்கி உட்கார்ந்திருந்தாளா? இவள் கையில் பேனா இருந்தது, எனக்குத் தங்கை இல்லை, எனக்கு நாய் இல்லை, எங்கள் வீட்டில் குளிர் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தாள், பத்து வாக்கியம். பத்தும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். காலையில் எட்டு மணிக்கு வருகிற செய்தி வரவில்லை. பொன்னியின் போன் அணைந்திருந்தது, அதனால்தான் விடுதிக்கே கூப்பிட்டாள். மஸ்கட்டுக்குக் கூப்பிட்டு அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனை தூரம் பிள்ளையை அனுப்பாதே என்று சொன்னவர் அவர், இரண்டாம் வருஷம் அவளே திரும்பி வந்துவிடுகிறேன் என்று அழுதபோது, வரட்டுமே தமயந்தி என்று சொன்னவரும் அவர். வச்ச காலைப் பின்னால எடுக்கக் கூடாது, பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு என்று சொன்னது இவள். பல்லைக் கடித்துக்கொண்டு இரு. அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

தலைமைக் கண்காணிப்பாளர் கோயில்பிள்ளை சார் சுற்றி வந்தார். வாசலில் நின்று அறையை ஒரு தடவை எண்ணினார். “எல்லாம் ப்ரசென்ட்தானே டீச்சர்?”

“எல்லாரும் இருக்காங்க சார்.”

“என்ன, மொகமெல்லாம் வேர்த்திருக்கு? மாத்திரை ஏதும் போடணுமா?”

இப்போது சொல்லலாம். வாய் திறந்தால் போதும். “காத்து வரல சார்” என்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். செருப்புச் சத்தம் படி இறங்கிப் போகிற வரைக்கும் கேட்டது. ஏன் சொல்லவில்லை? விதி இருக்கிறது, அரசுத் தேர்வு, பாதியில் வெளியே போனால் விளக்கம் கேட்பார்கள். அப்படியா? போன மாதம் மாதிரித் தேர்வில் மல்லிகாவின் மாமியார் விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோது ஐந்து நிமிஷத்தில் அனுப்பி வைத்தவர் இந்த மனுஷன்தான். மாற்று ஆளாக ஹெப்சிபா டீச்சர் வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், அதற்குத்தான் உட்காரவே வைத்திருக்கிறார்கள். காலையில்கூட, அந்த அம்மாள் போனை வைத்த பிறகு, முழுசாகப் பத்து நிமிஷம் இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். அமலியைக் கூப்பிட்டு அந்தச் சொற்களைச் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் அர்த்தம் சொல்லியிருப்பாள். இவள் என்ன செய்தாள்? உதவியாளர் வந்து, போனைக் குடுங்க டீச்சர், சார் சத்தம் போடுதாரு என்றவுடன் குடுத்துவிட்டாள். அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே கை நீண்டுவிட்டது. அணைத்தும் கொடுத்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்ததே, தண்ணீர்த் தொட்டியிலிருந்து அறைக்கு நடந்து வரும்போது, கை காலியாக, கூடை மூடியிருக்க, இனி ஒன்றே கால் வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று. தமயந்தி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். விதி தன்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. தான்தான் விதிக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறோம். கூப்பிடாத வரைக்கும் பொன்னி நிகழ்காலத்தில் இருப்பாள். இலக்கணத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததெல்லாம் அர்த்தம் கண்டுபிடிக்க இல்லை, கண்டுபிடிக்காமல் இருக்க. ஒரு தாய் இப்படிச் செய்வாளா? அங்கே பிள்ளை கண்ணை விழித்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தால்? ஒரு கையெழுத்துக்கு, ஒரு சம்மதத்துக்கு, அம்மாவைக் கேளுங்கள் என்று அவர்கள் இவளைத் தேடிக்கொண்டிருந்தால்? அணைந்த போன். மூடிய கூடை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வாசலுக்குப் போய் ஹெப்சிபாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள். இருவருக்கும் ஆகாது. பதவி உயர்வுப் பட்டியல் வந்த நாளிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதில்லை.

“என்ன டீச்சர், பாத்ரூமா?”

“எம்மவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்களா, இல்ல... எனக்குப் போன் வேணும். நீங்க கொஞ்சம் நில்லுங்க.”

ஹெப்சிபா ஸ்டூலை விட்டு எழுந்த வேகத்தில் அது சாய்ந்தது. “போங்க. நான் பாத்துக்கிடுதேன். ஓடுங்க டீச்சர்.”

ஓடினாள். புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளஸ் டூ தேர்வு நடக்கிற வராந்தாவில், நாற்பத்தொன்பது வயசில். கோயில்பிள்ளை சார் பாதிக் கதையிலேயே கூடையைத் திறந்துவிட்டார். “மொதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்?” என்றார். போன் உயிர் வருவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் சொற்களைத் தேடினாள். செத்துவிட்டாளா என்று கேட்கிற வினைச்சொல் அவளுக்குத் தெரியாது, அமலி அதை இன்னும் நடத்தவில்லை, தெரிந்தாலும் கேட்கமாட்டாள். உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவும் தெரியாது. வாழ்கிறாள் என்பது மட்டும் தெரியும், ஜிவ்யோத், முதல் பாடத்திலேயே வந்தது, நான் இந்தியாவில் வாழ்கிறேன், அவன் மாஸ்கோவில் வாழ்கிறான். ஜீவன் என்ற சொல் உள்ளே இருப்பதால் ஒட்டிக்கொண்டது. ரிங் போனது. நான்கு, ஐந்து. அதே கரகர குரல்.

“அல்லோ. யா மாமா பொன்னி” என்றாள். மாமா என்றால் அங்கே அம்மா. தமிழ் வாடை அடிக்கிற உச்சரிப்பு, வேற்றுமை உருபு இல்லை, ஒன்றுமில்லை. “அனா ஜிவ்யோத்? அனா... ஜிவ்யோத்?”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“ஜிவ்யோத், ஜிவ்யோத்” என்றாள் அந்த அம்மாள், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. பிறகு ஏதோ எண். இருநூற்றுப் பன்னிரண்டு. அது பொன்னியின் அறை எண். இங்கேதான் குடியிருக்கிறாளா என்று கேட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். அது உறைப்பதற்குள் தமயந்தி கோயில்பிள்ளை சாரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். குடியிருக்கிறாள் என்பது உயிரோடிருக்கிறாள் ஆகாது. இன்னும் தெரியவில்லை. இன்னும் ஒன்றும் தெரியவில்லை. “க்தே?” என்றாள், எங்கே. குரல் உடைந்துவிட்டது. “க்தே அனா?”

அந்த அழுகையை அந்த அம்மாள் கேட்டிருக்க வேண்டும். குரல் மாறியது. பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மாமா. அபிராத்சியா. ஆபரேஷன், அதுவும் புரிந்தது. பிறகு அப்பிந்திசித். தமயந்தி அதைத் திருப்பிச் சொன்னாள், அப்பிந்திசித்? அப்பெண்டிசைட்டிஸ்? “தா, தா, அப்பிந்திசித்! ஸ்கோரயா போமஷ்!” என்று அந்த அம்மாள் சந்தோஷமாகக் கத்தினாள். தா என்றால் ஆமாம். உதவி. உதவிதான் வந்திருக்கிறது, அந்த ஊர் ஆம்புலன்சுக்குப் பெயரே அதுதான். பிறகு வ்ஸ்யோ ஹரஷோ என்று இரண்டு தடவை. எல்லாம் நல்லபடி. அவள் தூங்குகிறாளாம், ஸ்பீத், நிகழ்காலம், படர்க்கை, ஒருமை.

கோயில்பிள்ளை சார் தண்ணீர் செம்பை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் போனை வைக்கவில்லை. இப்போது வேகம் பிடித்துவிட்டது அவளுக்கு. திட்டுகிறாள் போலிருக்கிறது, பிள்ளை சாப்பிடுவதே இல்லை என்றோ, குல்லா போடாமல் வெளியே போகிறாள் என்றோ, வலியை யாரிடமும் சொல்லாமல் நள்ளிரவு வரைக்கும் கிடந்தாள் என்றோ, தாயென்று ஒருத்தி எங்கே போனாள் என்றோ, என்னவென்று யார் கண்டது. பாய்ந்து பாய்ந்து வந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எது எழுவாய், எது வினை, எந்த வேற்றுமை, ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. “தா” என்றாள் தமயந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தா, தா.” இன்னும் பேசட்டும் என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.